தலவாக்கலைக் குளிரில் ஒழுகாத டப்பா

எட்டாம் வகுப்போடு நின்றவள் எழுத வந்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1950களில், இலங்கை மலைநாட்டுத் தலவாக்கலையில் எங்கள் கடைக்குப் பின்னால், தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்களின் வெடித்த விரல்களுக்காகத் தேங்காயெண்ணெயில் ஒரு களிம்பு காய்ச்சுவேன். கொழும்புக் கடைக்காரர் ஒருவர் மாதிரிக்கு இரண்டு டசன் கேட்டார். அவர் ஏற்றுக்கொண்டால்தான் இந்த வேலையைத் தொடரலாம் என்று என் கணவர் சொல்லிவிட்டார்.

தக்கை போட்ட போத்தலா, அழுத்தி மூடும் தகர டப்பாவா என்று யோசித்தேன். டப்பாவில்தான் தாமரைப் படம் போட்ட எங்கள் லேபிள் அழகாக ஒட்டியது. ஒன்றை ஒரு நாள் முழுக்கக் கவிழ்த்து வைத்துப் பார்த்தேன். ஒரு சொட்டும் ஒழுகவில்லை.

"அண்ணி, தலைகீழா நிறுத்துனாலும் உங்கள மாதிரியே வாயத் தொறக்க மாட்டேங்குதே!" என்று நாத்தனார் சிரித்தாள்.

ரயிலில் அனுப்பினோம். ஐந்தாம் நாள் பெட்டி திரும்பி வந்தது. எங்கள் குளிரில் களிம்பு உறைந்து கிடந்ததால்தான் ஒழுகவில்லை. கொழும்புச் சூட்டில் உருகி வழிந்து, லேபிள்களையெல்லாம் உரித்திருந்தது. வேண்டாம் என்று கடைக்காரர் துண்டுக் காகிதத்தில் எழுதியிருந்தார்.

"சரி, விடு," என்றார் கணவர். எனக்கு அழுகைகூட வரவில்லை.

மறுநாள் டப்பாக்களைச் சுடுதண்ணீரில் கழுவினேன். கணவர் அவற்றில் மிளகு நிரப்பிக் கடையில் வைத்தார்.