கல்லில் மிச்சமிருந்த தழை

திருவனந்தபுரம் பக்கம் விதுராவுக்கு மேலே, மலையில் காணிக்காரப் பழங்குடிகளின் குடியிருப்பில் தகரக் கூரை போட்ட படிப்பறை ஒன்று இருக்கிறது. அரசாங்கம் கட்டிக்கொடுத்தது. மழைக்காலத்தில் உள்ளேயும் குடை பிடித்துக்கொள்ளலாம். மாலையிலும் சனிக்கிழமைகளிலும் அங்கே டீச்சர் ஷிபா. அதே குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள்.

ஹாஸ்டலில் தங்கிப் படித்த காலத்தில் அவள் பேச்சைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் குறைவு. தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை, இது என்ன கூத்து என்பார்கள். பத்தாம் வகுப்பு முடியும்வரை ஷிபா பாதி ஊமையாகவே இருந்தாள். அந்தக் கோபம்தான் அவளை டீச்சராக்கியது. அவளுடைய வகுப்பில் பிள்ளைகள் வீட்டுப் பேச்சிலேயே கேள்வி கேட்கலாம். எந்தக் கிழங்கை எந்த மாதம் தோண்டக் கூடாது, எந்தத் தடம் கரடியுடையது என்பதெல்லாம் அங்கே பாடம்.

முதல் பாடம் தழை. குடியிருப்பு முடிந்து காடு தொடங்கும் இடத்தில் ஒரு கல் கிடக்கிறது. உள்ளே போகிற ஒவ்வொருவரும் ஒரு பச்சைத் தழையை ஒடித்து அதன்மேல் வைக்க வேண்டும். அந்த ஊரில் ஆளை எண்ணுவது ஆகாது, எண்ணினால் ஒன்று குறையும் என்பார்கள். அதனால் திரும்பி வந்தவர் தன் தழையைத் தானே எடுப்பார், பிறத்தியார் தொடக் கூடாது. ஒரு தழை மிச்சமிருந்தால் ஓர் ஆள் இன்னும் உள்ளே இருக்கிறார் என்று பொருள். ஆள் கூட்டி வரப் போகிறவரைத் தவிர வேறு யாரும் அப்போது வீட்டுக்கு இறங்கக் கூடாது.

இந்தக் கடைசி விதியை மட்டும் ஷிபா பிள்ளைகளின் முகத்தைப் பார்க்காமல் சொல்வாள். ஒன்பது வருஷத்துக்கு முன் அவள் புருஷன் சஜி கூடை முடைய மூங்கில் வெட்டப் போய்த் திரும்பவில்லை. மூன்றாம் நாள் அவன் அண்ணன் ஜெயகுமாரும் ஊர் ஆட்களும் உள்ளே தேடிக்கொண்டிருந்தபோது, ஷிபா கல்லருகே தனியே நின்றாள். சஜியின் தழை வாடத் தொடங்கியிருந்தது. தழை காய்ந்தால் அவனும் காய்ந்துபோவான் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. எடுத்துக்கொண்டு போய் வீட்டில் ஒரு செம்புத் தண்ணீரில் வைத்தாள். திரும்ப வைக்க வருவதற்குள் தேடப் போனவர்கள் கல்லுக்கு வந்துவிட்டார்கள். தழையைக் காணோம். ஆள் வெளியே வந்துவிட்டான் என்று தேடுவதை நிறுத்தினார்கள்.

அன்று ராத்திரி பெய்த மழையில் ஆறு வழியை அடைத்துவிட்டது. வெள்ளம் வடிவதற்குள் ஊர் முடிவு கட்டிவிட்டது. சஜி விழிஞ்ஞத்துக்குத் துறைமுக வேலைக்கு ஓடிவிட்டான், பெண்டாட்டி பிடிக்கவில்லை. அதை உரக்கச் சொன்னவர் ஜெயகுமார். ஷிபா முதல் நாள் சொல்லாததை இரண்டாம் நாள் சொல்ல முடியவில்லை. பிறகு எந்த நாளும் முடியவில்லை.

போன சனிக்கிழமை திருவனந்தபுரம் வலியசாலையிலிருந்து ராஜஸ்ரீ வந்திருந்தாள். பழங்குடிப் பிள்ளைகளின் படிப்பைப் படம் பிடித்து ஆபீஸுக்கு அனுப்புகிற வேலை அவளுக்கு. ஷிபா பிள்ளைகளை ஓடைவரை கூட்டிப்போனாள். எல்லாரும் தழை வைத்தார்கள். ராஜஸ்ரீயும் சிரித்துக்கொண்டே ஒன்று வைத்தாள். உச்சிப்பொழுதில் திரும்பி வந்து அவரவர் தழையை எடுத்தார்கள்.

கல்லில் ஒன்று மிச்சமிருந்தது.

"யாராவது ரெண்டு வெச்சிருப்பேள்" என்றாள் ராஜஸ்ரீ. பிள்ளைகள் இல்லையென்று தலையாட்டினார்கள். அவள் விரல் நீட்டி ஒன்று, இரண்டு என்று தலைகளை எண்ணவும் பிள்ளைகள் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்தார்கள். ஆள் குறையவில்லை, எல்லாரும் இருந்தார்கள்.

ஷிபா குனிந்து பார்த்தாள். ஒடித்த காம்பில் பால் இன்னும் ஈரமாக இருந்தது. நுனி இலை உள்பக்கம் மடிக்கப்பட்டு ஒரு முள்ளால் குத்தப்பட்டிருந்தது. காற்றுக்குப் பறக்காமல் இருக்க சஜி அப்படித்தான் வைப்பான். அவனைத் தவிர அந்த ஊரில் யாருக்கும் அந்தப் பழக்கம் இல்லை. காட்டுக்குள் ஒரு பறவைகூடக் கத்தவில்லை.

"காத்துல வந்து விழுந்திருக்கும், விடுங்கோ. மூணு மணிக்கு எனக்கு மீட்டிங் இருக்கு" என்று ராஜஸ்ரீ நடக்கத் தொடங்கினாள்.

ஏழு வயது மாளவிகா அசையவில்லை. "தழ இருந்தா எறங்கக் கூடாதுன்னு பறஞ்சது நீங்கதானே டீச்சரே?"

ஷிபா பேசாமல் இறங்கியிருக்கலாம். காற்றில் வந்ததுதான் என்று சொல்லியிருக்கலாம், பிள்ளைகள் நம்பியிருப்பார்கள். அப்புறம் எந்த வாயால் அந்தப் பாடத்தைச் சொல்வது? கல்லின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆமா, எறங்கக் கூடாது. முன்னே ஒரு தடவ ஒரு தழைய நான் எடுத்தேன். என் தழையில்ல அது" என்றாள். பிறகு எல்லாவற்றையும் பிள்ளைகளிடம் சொன்னாள். சொல்லி முடித்ததும் பிள்ளைகளில் மூத்தவளான ஷிஜியை ஜெயகுமாரைக் கூட்டி வர அனுப்பினாள்.

ஜெயகுமார் நான்கு ஆட்களோடு வந்தார். மடித்த இலையைக் கண்டதும் அவருக்கு யாரும் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தம்பி வெளியே வரவேயில்லை என்றால் அன்றைக்கு அவன் தழையை எடுத்தது வேறு யாரோ என்று புரிந்து, ஷிபாவின் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கு எடுத்தது நீயா?"

"வாடிடக் கூடாதுன்னு தண்ணியில வெச்சேன் அண்ணா. பறைய பயமாப்போச்சு."

அடிப்பார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவர் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஒம்பது வருஷம். ஓடிப்போனவன்னு ஊரெல்லாம் சொன்னேனே" என்றார். பிறகு இரண்டு கையையும் வாயருகே குவித்து நீளமாக ஒரு கூவல் விட்டார். காடு பதில் தரவில்லை.

ஷிபாவும் ஆண்களும் தழை வைத்துவிட்டு உள்ளே போனார்கள். ராஜஸ்ரீ மீட்டிங்கை மறந்து பிள்ளைகளோடு கல்லருகே இருந்துவிட்டாள். அன்றைக்குத் தேடல் நின்ற பாறை எதுவென்று ஜெயகுமாருக்கு மறக்கவில்லை. அதைத் தாண்டி அரைமணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு பாறைப் பிளவுக்குள் பிடி இற்றுப்போன வெட்டுக்கத்தி துருவேறிக் கிடந்தது. அதன் பக்கத்தில் கிடந்ததை ஜெயகுமார் தன் தோள்துண்டால் மூடினார். மழைக்கு ஒதுங்கியவன் கால் வழுக்கி விழுந்திருக்கிறான் என்றார் ஒருவர். எத்தனை நாள் உயிரோடு கிடந்தான் என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஷிபாவுக்கு வேறெதுவும் மனசில் ஓடவில்லை. அரைமணி நேரம்.

ஃபாரஸ்ட் ஆபீஸுக்குச் சொல்ல எல்லாரும் திரும்பினார்கள். கல்லருகே வந்தபோது இன்னும் வெயில் இருந்தது. அவரவர் தழையை எடுத்தார்கள். அதற்கப்புறம் கல் வெறுமையாக இருந்தது, மடித்த தழையைக் காணோம்.

"அதை எடுத்தது யாரு?" என்றாள் ஷிபா.

"யாரும் தொடலை. நான் இந்த எடத்தை விட்டு நகரவே இல்லை" என்றாள் ராஜஸ்ரீ.

மாளவிகா மட்டும் குடியிருப்பின் பக்கம் கை காட்டினாள். "ஒரு மாமன் வந்து எடுத்தாரு டீச்சரே. இடுப்புல சொருகிட்டுக் கீழ எறங்கிப் போயி. ஒங்க வீட்டு வழியாக்கும்."

ஷிபாவின் கை தானாகவே இடுப்பைத் தடவியது. சாவி அங்கே இருந்தது.

"கதவப் பூட்டிட்டு வந்துட்டேனே" என்றாள். கல்லருகே கழற்றிவிட்டிருந்த செருப்பைக்கூட மாட்டிக்கொள்ளாமல் இறக்கத்தில் ஓடத் தொடங்கினாள்.