அப்பா போட்ட முடிச்சு

அப்பா போய் இருபது நாள் ஆகிறது. வீட்டில் நான் அழுதால் அம்மாவும் அழுகிறாள். அதனால் கம்பெனிக்குப் போகும் பஸ்ஸில்தான் அழுகிறேன். நேற்று அப்படிப் போகும்போது, நான் படித்த சேரப்பணஞ்சேரி பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பம் ஜன்னலில் வந்து போனது.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் சுதந்திர தினம். எனக்கு ஒன்பது வயது.

எங்கள் தாத்தா தியாகி. நாற்பத்திரண்டில் தந்திக் கம்பியை அறுத்த கூட்டத்தில் இருந்தவர். கூட இருந்தவர்கள் யார் என்று கேட்டு, வெள்ளைக்காரன் போலீஸ் வலது கையை மேஜைமேல் வைத்து அடித்ததாம். ஒரு பெயர்கூட அவர் வாயிலிருந்து வரவில்லை. ஒன்றரை வருஷம் ஜெயில். அதற்கப்புறம் அந்த விரல்கள் மடங்கவேயில்லை. கூடப் படித்தவர்கள் சைக்கிளைக் காட்டிப் பீற்றிக்கொள்வார்கள். நான் தாத்தாவின் விரலைச் சொல்லிப் பீற்றிக்கொள்வேன்.

ஒவ்வொரு வருஷமும் பள்ளிக்கூடத்தில் அவர்தான் கொடி ஏற்றுவார். அந்த வருஷம், பெஞ்சு வாங்கிக் கொடுத்த மனை புரோக்கர் ஒருவருக்கு அந்த ஆசை வந்துவிட்டது. "பெருசுக்கு எம்பது வயசாவப் போவுது. கொடி அவுராம நின்னா ஊருக்கே அசிங்கம் சார்," என்று ஹெட்மாஸ்டரிடம் சொல்லியிருக்கிறார். ஹெட்மாஸ்டர் தயங்கித் தயங்கி எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா அப்போதுதான் பண்ணையில் மாடுகளைக் கட்டிவிட்டு வந்திருந்தார்.

"இந்த வாட்டி அவரே ஏத்தட்டும் சார். முடிச்சு நான் போடறேன். அவுரலன்னா, இனிமே நீங்க யார வேணா கூப்புடுங்க," என்றார் அப்பா.

கன்றுக்குட்டிக்குப் போடுகிற உருவு முடிச்சில் அப்பா கைகாரர். அம்மாவின் பழைய புடவைத் துண்டில் செவ்வந்திப் பூவை மடித்துக் கட்டி, மரக்கிளையில் தொங்கவிட்டு ஒரு வாரம் ஒத்திகை பார்த்தார். நான் சுண்டு விரலால் இழுத்தாலே பூ கொட்டும். தாத்தாவை இழுத்துப் பார்க்கச் சொன்னால், "ஜெயிலுக்குப் போவ எவன்டா எனக்கு ட்ரெயினிங் குடுத்தான்? போயி வேலயப் பாரு," என்பார்.

சுதந்திர தினத்தன்று வேறு யாரும் கை வைத்துவிடக் கூடாதென்று விடிந்ததும் போய்க் கொடியைக் கட்டிவிட்டார் அப்பா. ஏழு மணிக்கு ஒரு தூறல் போட்டது. கயிறு நனைந்து ஊறினால் முடிச்சு இறுகும் என்பது மாடு கட்டுகிற மனுஷனுக்குத் தெரியாதா? தெரியும். சந்தோஷத்தில் மறந்துவிட்டார்.

தாத்தா இழுத்தார். கொடி அவிழவில்லை. மறுபடி இழுத்தார். ஈரக் கயிறு விரல்களுக்கு நடுவே வழுக்கியது. பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டியது.

"இன்னா பெருசு, கைல தெம்பு கீதா இல்லியா? உடு, நான் இழுக்கறேன்," என்று புரோக்கர் கிட்டே வந்தார்.

"கைய எட்றா. போயி உன் பெஞ்சுலயே குந்து," என்றார் தாத்தா.

நான் தாத்தாவிடம் ஓடப் பார்த்தேன். அப்பா என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"யப்பா, நீ போயி இழுப்பா! நீ போட்ட முடிச்சுதான?"

"சும்மா நில்லு பாப்பா. அது அவரு கயிறு."

எனக்கு அப்பா மேல் அப்படி ஒரு கோபம். தாத்தா கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்று, முழங்கையில் ஒரு சுற்று சுற்றினார். அப்படியே பின்னால் சாய்ந்து, மொத்த உடம்பின் பாரத்தையும் அதில் போட்டார். முடிச்சு பட்டென்று விட்டது. செவ்வந்தியெல்லாம் அவர் வழுக்கைத் தலையில் கொட்டியது. சிரித்த பிள்ளைகளே கத்திக் கைதட்டினார்கள். புரோக்கரும் தட்டினார். மடங்காத விரல்களை நெற்றியில் வைத்துத் தாத்தா சல்யூட் அடித்தார். அவ்வளவு பெருமையாக அதற்கப்புறம் நான் எங்கேயும் நின்றதில்லை.

அப்பா மட்டும் கைதட்டவில்லை. அவர் கை என் தோளிலேயே இருந்தது. பிடி இறுகிக்கொண்டே போனது. பயந்துவிட்டார் என்று நினைத்தேன்.

போன வாரம் காரியத்தன்றுதான் பெரிய அத்தை சொன்னாள். தாத்தா ஜெயிலுக்குப் போனபோது அப்பாவுக்கு ஆறு வயதாம். அதே பள்ளிக்கூடத்தில் ஒன்றாங்கிளாஸ் சேர்ந்து மூன்று மாதம். வீட்டில் சோறில்லாமல் ஊரார் மாட்டை மேய்க்கப் போனவர், திரும்பிப் பள்ளிக்கூடத்துக்குப் போகவேயில்லை. அந்த முடிச்சையும் மாட்டுக் கொட்டாயில்தான் கற்றுக்கொண்டாராம்.

"ஏன் ஜெயிலுக்குப் போனேன்னு ஒரு நாளுகூட எங்கப்பன கேட்டதில்லடி என் தம்பி," என்றாள்.

கொடியேற்றிய அன்றைக்கு எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? ஆரஞ்சு மிட்டாய் கொடுக்கிறார்கள் என்று யாரோ கத்தினார்கள். தோளில் இருந்த கையை உதறிவிட்டு ஓடினேன்.