நடு ஜன்னல் யாருடையது?

கடையைத் திறக்கும் முன் ஆரின் ஹேஸ்கல் நடுத்தெருவில் போய் நின்று, மாடி ஜன்னல்களை விரலால் சுட்டிச் சுட்டி எண்ணுவார். ஏழு. பிறகு உள்ளே போய்ப் படியேறி எண்ணுவார். மூன்று. அதே கட்டடத்தின் மறுபாதியில் பேக்கரி வைத்திருக்கும் வெல்டா அம்மாளின் மாடியிலும் மூன்றுதான். மூன்றும் மூன்றும் ஆறு. கணக்கு உதைக்கும். சோளம் ஏற்றிப்போகும் லாரிக்காரர்கள் வேகத்தைக் குறைத்து, "என்ன ஆரின், இன்னிக்காவது ஆறு ஆச்சா?" என்பார்கள்.

"இல்லப்பா, ஏழுதான். ராத்திரியில குட்டி போடுதோ என்னமோ!"

ஆரினுக்கு எழுபது தாண்டிவிட்டது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பெல்டன் ஊர்க் கடைத்தெருவில் பெயிண்ட் கடை. காதோரத்து முடியில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும். பின்பாக்கெட்டில் ஒரு துணி தொங்கும். எந்தச் சுவருக்கு எந்தப் பெயிண்ட் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். சொந்தக் கட்டடத்தைப் பற்றிக் கேட்டால்தான் திருதிருவென்று விழிப்பார்.

அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. விக்டோரியா ராணி காலத்தில் கட்டியவர்கள் முகத்துக்கு மட்டும் பவுடர் பூசிவிட்டார்கள். தெருவிலிருந்து பார்த்தால் அரண்மனை. பின்பக்கம் போனால் வெறும் செங்கல். கடைவாசலில் கல்தூண் மாதிரி நிற்பவை வார்ப்பிரும்பு. உச்சியில் பூவும் கொடியுமாக, 'ட்ரெஸ்லர் – பூன், 1886' என்ற எழுத்தோடு நீண்டிருக்கும் கல் விளிம்பின் மேல் ஒருநாள் ஆரினின் ஏணி இடித்தது. டங்கென்று சத்தம் வந்தது.

"பாதி உசுரு போச்சு எனக்கு. இத்தனை வருஷமா தகரத்தையா கல்லுன்னு பெருமையடிச்சேன்?"

ட்ரெஸ்லர் தொப்பிக் கடைக்காரர். பூன் மருந்துக் கடைக்காரர். சேர்ந்து கட்டி, பிறகு முறைத்துக்கொண்டார்கள். ஒரு பெண்குதிரைக்காக என்று சிலர் சொல்வார்கள், தேர்தலுக்காக என்று சிலர். இன்று தொப்பிக்காரர் பாதி ஆரினுக்கு, மருந்துக்காரர் பாதி வெல்டாவுக்கு. இரண்டு பத்திரத்திலும் 'நடுச்சுவர் வரை' என்றுதான் இருக்கிறது.

நடு ஜன்னலுக்காக அவர்கள் போட்ட சண்டை ஊருக்கே தெரியும். முதலில், "என்னுது", "என்னுது" என்றார்கள். அதன் வழியாக மழை இறங்கி இரண்டு பேர் சுவரும் ஊற ஆரம்பித்ததும், "உன்னுது", "உன்னுது" என்றார்கள். சனிக்கிழமைதோறும் ஆரின் தன் மூன்றையும் துடைப்பார். வெல்டா தன் மூன்றைத் துடைப்பார். நடுவில் உள்ளது மட்டும் கரிப்பிடித்த அடுப்புபோல இருக்கும்.

போன அக்டோபரில் நகராட்சி ஆள் வந்து ஈரச் செங்கலை நகத்தால் சுரண்டினார். பொலபொலவென்று கொட்டியது. "இந்த ஈரம் குளிர்ல உறைஞ்சா செங்கல் வெடிச்சிரும். பனிக்கு முன்னால சொந்தக்காரங்க சரி பண்ணணும். இல்லேன்னா முகப்பை இடிச்சு இறக்கச் சொல்லிருவேன். ஜன்னல் யாருது?"

இருவரும் எதிரெதிராகக் கைகாட்டினார்கள். அவர் போனதும் ஆரின் அந்த முகப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். தகரமோ கல்லோ, அது இல்லாமல் தனக்கு ஒரு காலைப்பொழுதே விடியாது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பயந்துபோனார். நேரே போய் ஏணியைத் தூக்கிவந்தார்.

"யோவ், இந்த வயசுல எங்க ஏறுற?" என்றார் வெல்டா.

"உன் ஜன்னலுக்குள்ள என்ன இருக்குன்னு பாக்கத்தான்."

"என் ஜன்னலா? விழுந்து தொலைச்சா என் வியாபாரம்ல கெடும்!" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மாள் ஒரு கையால் ஏணியைப் பிடித்தார். மறுகையில் காபிக் கோப்பை.

மேலே போன ஆரின் ஜன்னலை மேலே தள்ளித் திறந்து, தலையை நுழைத்து, பிறகு காலையும் நுழைத்து மறைந்தார். வெல்டா ஏணியைத் தட்டினார்.

"உசுரோட இருக்கியா?"

"வெல்டா, இங்க ஒரு மாடிப்படி இருக்கு!"

"யார் வீட்டுப் படி?"

"அதான் புரியல. கீழே தெருவரைக்கும் போகுது. முட்டுற எடத்துல பலகை. ஐயோ, வெளிப்பக்கம் ரெண்டு கடைக்கும் நடுவுல நான் வருஷாவருஷம் பெயிண்ட் அடிக்கிற பலகைதான் இது! மேலே உன் பக்கம் ஒரு கதவு, என் பக்கம் ஒரு கதவு. ரெண்டையும் செங்கல் வச்சு அடைச்சிருக்காங்க. உன் பக்கம் மஞ்சள் செங்கல், என் பக்கம் செவப்பு."

முறைத்துக்கொண்ட ட்ரெஸ்லரும் பூனும், அவன் வரக்கூடாது என்று இவனும், இவன் வரக்கூடாது என்று அவனுமாக அடைத்திருக்கிறார்கள். பொதுப்படி யாருக்கும் இல்லாமல் போயிற்று. இத்தனை நாள் 'சுவர் நல்ல கெட்டி' என்று ஆரின் நினைத்திருந்தது ஓர் ஆள் ஏறும் அகலத்து இருட்டு.

"அப்ப எது நடுச்சுவர்?" என்று கீழிருந்து கேட்டார் வெல்டா.

"ரெண்டும்தான். ரெண்டும் இல்லதான். எனக்குத் தலை சுத்துது, தாயே."

வெளியே வந்து ஏணியில் நின்று ஜன்னலைக் கீழே இறக்கி மூடினார். கண்ணாடியின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு மரச்சட்டம். அதையே வெகுநேரம் பார்த்தார். பிறகு பின்பாக்கெட்டுத் துணியை உருவி, சட்டத்துக்குத் தன் கடைப் பக்கம் இருந்த பாதியை மட்டும் எச்சில் தொட்டுப் பளபளவென்று துடைத்தார். மறுபாதியில் விரல்கூடப் படவில்லை.

"மிச்சத்தையும் துடைச்சா கை தேஞ்சிருமா?"

"அது உன்னுது."

துணியை ஜன்னல் விளிம்பில் போட்டுவிட்டு இறங்கினார். வெல்டா அண்ணாந்து பார்த்தார். ஆரினைப் பார்த்தார். கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு ஏணியின் முதல் படியில் கால் வைத்தார்.

ஆரின் குனிந்து ஏணியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.