ஆறாவது சிலிண்டரின் சிவப்பு

அலுவலகத்தில் அவருக்குச் ‘சராசரி’ என்று பெயர். எதைக் கேட்டாலும் கூட்டி வகுத்துத்தான் பதில் சொல்வார் என்று கேலிக்கு வைத்தது, பத்தொன்பது வருடத்தில் ஒட்டிக்கொண்டது. டீசலோடு எரிவாயுவும் சேர்த்து ஓடும் எஞ்சினில், வாயுவும் காற்றும் குழாய்க்குள் எப்படிக் கலக்கின்றன என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பது அவர் வேலை. வாயு கூடிய இடம் திரையில் சிவக்கும், குறைந்த இடம் நீலமாகும். எஞ்சினின் ஆறு சிலிண்டருக்கும் கலவை ஒரே மாதிரி போய்ச் சேர்ந்தால் அது சாதுவாக ஓடும். ஒன்றுக்கு மட்டும் அளவு மீறினால் பிடித்தது சனி.

அந்தப் புதுக் குழாயில், ஆறாவது சிலிண்டரின் வாய் சிவந்திருந்தது. பார்த்தார். ஆனால் கம்பெனிப் படிவத்தில் கலவைக்கு ஒரே ஒரு கட்டம்தான். ஆறையும் கூட்டி வகுத்து எழுதினார். எண் அழகாக வந்தது. கட்டம் கேட்டதைக் கொடுத்தாயிற்று, அப்புறம் என்ன?

எஞ்சினை ஓட்டிப் பார்த்த மெக்கானிக் வேறு யாருமில்லை, அவர் மனைவியின் தம்பி. பன்னிரண்டாவது நிமிடத்தில் ஆறாவது சிலிண்டரின் மூடியை அடைத்திருந்த கேஸ்கெட் தகடு பிய்த்துக்கொண்டது. தெறித்த துண்டு பட்டு அவனுக்கு இடது கண் போனது.

விசாரணை ஒரு மணி நேரம்கூட நடக்கவில்லை. “உங்க மேல தப்பே இல்ல சார், ரிப்போர்ட் கரெக்டா இருக்கு,” என்றார் மேனேஜர். தலையாட்டிவிட்டு வந்தார். பிறகு சாப்பிட்டார், தூங்கினார், ஷேவ் செய்துகொண்டார். அழுகை வந்தால் தேவலை என்றிருந்தது, வரவில்லை. நெஞ்சு மரத்துக் கிடந்தது. மனைவிதான் தினமும் மேனேஜரைத் திட்டித் தீர்த்தாள். இவர் கேட்டுக்கொண்டே தட்டைக் கழுவினார்.

மூன்றாவது ஞாயிறு மச்சினன் வீட்டுக்குப் போனார். அவன் கண்ணில் போட்டிருந்த கட்டைப் பிரித்திருந்தார்கள்.

“வாங்க மாமா. இப்படி வலது பக்கமா உக்காருங்க, அப்பதான் தெரியும்.”

உட்கார்ந்தார். இன்று வாய் திறக்காவிட்டால் இனி எப்போதும் திறக்கப்போவதில்லை.

“மாப்ள, ஆறாவதுல வாயு அதிகம்னு எனக்கு முன்னாடியே தெரியும். திரையில பார்த்தேன்.”

“பார்த்துட்டு?”

“சராசரி போட்டேன்.”

மச்சினன் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தான். டீ ஆறி ஆடை கட்டியது. கத்துவான், கையை ஓங்குவான் என்று இவர் காத்திருந்தார். அப்போதாவது தனக்கு உறைக்காதா என்ற நப்பாசைதான்.

“எங்க மாமா போட்ட கணக்கு, பயமில்லன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத்தான் கிட்டப் போய் நின்னேன்,” என்றான். பிறகு, “அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா நம்பமாட்டா.”