திண்டிவனத்தில் ஒரு மணிக்கு பெல் அடிக்காதீர்கள்

போன சனிக்கிழமை விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போய்வந்தேன். கல்யாணம் எதுவும் இல்லை, ஆனால் போனது கல்யாண மண்டபத்துக்கு.

விழுப்புரத்தில் வாடகை வீட்டில் பதினோரு குழந்தைகளோடு பகல்நேரக் காப்பகம் நடத்துகிறேன். மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார் வீட்டுக்காரர். மூன்று வாரம் அலைந்தேன். ‘க்ரீச்’ என்றதுமே எல்லார் முகமும் சுருங்கியது. இடம் கிடைக்காவிட்டால் பதினோரு அம்மாக்களின் வேலையும் என் பிழைப்பும் போச்சு. அப்போதுதான் திண்டிவனத்தில் மூன்று பெண்கள் ஓர் ஓய்ந்துபோன மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து, சேர்ந்து காப்பகம் நடத்துவதாகக் கேள்விப்பட்டேன்.

காலை 11.20 பஸ். நாற்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம், டிக்கெட் 35 ரூபாய். காலியாக இருந்த ஒரே சீட் மல்லிகாவின் பக்கத்தில். அவர் கோலியனூரில் காப்பகம் நடத்துபவர். போன வருஷம் என் காப்பகக் குழந்தைகள் இரண்டு பேர் அவரிடம் போய்விட்டார்கள், அதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. இருவரும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தோம். ஜன்னல் அவர் பக்கம் இருந்தது. விக்கிரவாண்டி டோல்கேட்டில் அவர்தான் மல்லாட்டை (வேர்க்கடலை) பொட்டலத்தை நீட்டினார்.

“நீங்களும் அந்த மண்டபத்துக்குத்தானாக்கா? எனக்கும் காலி பண்ணச் சொல்லிட்டாங்க.”

பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோ, 20 ரூபாய். டீ குடித்துவிட்டு 1.05-க்கு மண்டபத்து பெல்லை அழுத்தினேன். விரலை எடுக்குமுன்பே தப்பு புரிந்துவிட்டது. ‘தூங்கும் நேரம், பெல் அடிக்காதீர்’ என்று எட்டு வருஷமாக என் கதவில் போர்டு மாட்டியிருப்பவள் நான். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த இருபத்தாறு குழந்தைகளும் அழுதுகொண்டு எழுந்தார்கள்.

மூவரில் ஒருவரான மேரி, இடுப்பில் ஒரு குழந்தையோடு கதவைத் திறந்தார். நாங்கள் யார், எதற்கு வந்தோம் என்று சொன்னதும் பொரிந்தார். “புள்ளைங்கள வச்சிக்கினு தொழில் பண்றவங்க, நீங்களே இப்படிப் பண்ணலாமாங்க?”

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆளுக்கொரு குழந்தையைத் தூக்கித் தட்டினோம். என்னிடம் வீறிட்ட குழந்தை மல்லிகாவின் தோளில் இரண்டே நிமிடத்தில் தூங்கிப்போனது. அந்த இரண்டு குழந்தைகள் ஏன் போனார்கள் என்று அன்றுதான் தெரிந்தது. பொறாமையாகத்தான் இருந்தது.

எல்லாம் அடங்கியதும் மேரி சொன்னார்: “காப்பகமும் ஃபீஸும் அவங்கவங்களுது. ஹாலு, சமையல்கட்டு, வாசல் கேட்டு எல்லாம் பொது. வாடகைய மூணா பிரிச்சிக்கினோம், அதுல சண்டையே வரல. தூக்கத்துலதான் வந்துச்சு. என் புள்ளைங்க தூங்கறப்ப அவங்க புள்ளைங்க ஆடிக்கினு இருக்கும். ஒரே பேஜாரு. எல்லாருக்கும் ஒரே நேரம்னு வச்ச பொறவுதான் நிம்மதி.”

திரும்பியது 3.40 பஸ்ஸில். போக வர 110 ரூபாய், டீ தனி. கோலியனூர் ரோட்டில் பூட்டிக்கிடக்கும் மண்டபம் எங்கள் இருவருக்குமே தெரியும். தனித்தனியாக வாடகை கேட்டு, கட்டாது என்று தனித்தனியாகத் திரும்பியவர்கள் நாங்கள்.

“உங்க புள்ளைங்கள எப்ப தூங்க வைப்பீங்கக்கா?” என்றார் மல்லிகா.

“ஒரு மணிக்கு.”

“நான் பன்னண்டரைக்கு.”

விக்கிரவாண்டி வரை யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. விழுப்புரத்தில் இறங்கும்போது பன்னிரண்டே முக்கால் என்று முடிவாகியிருந்தது. மறுநாளே இருவரும் சேர்ந்து போய் அந்தக் கோலியனூர் ரோட்டு மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தோம்.

சேர்ந்து இடம் பிடிக்க நினைப்பவர்கள் வாடகையைப் பேசுமுன் தூக்க நேரத்தைப் பேசிவிடுங்கள். திண்டிவனம் போவதென்றால் காலை பத்து மணிக்குப் போங்கள். எங்கள் மண்டபத்துக்கு எப்போது வேண்டுமானாலும் வாருங்கள். பெல்லை நானே கழற்றி வைத்துவிட்டேன்.