சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறிய விலாசம்

மகள் ஒரு பழைய தபால்தலையைக் கொண்டுவந்து காட்டினாள். சுற்றிலும் தூண்கள் வைத்த டெல்லிப் பாராளுமன்றக் கட்டடம். எனக்குச் சுண்ணாம்பு வாடை அடித்தது.

ஆம்பூரில் அப்போது எனக்கு ஏழு வயது. வேலை தேடி வடக்கே போன அப்பாவின் முதல் கடிதம் இதே தபால்தலையோடுதான் வந்தது. படித்துக் காட்டிய தபால்காரர், "அவரு விலாசம் உறை மேலதான் இருக்குது, பத்திரம்மா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

தூண்களை எண்ணிப் பார்க்க எனக்கு அந்தத் தபால்தலை வேண்டியிருந்தது. தோல் பதனிடும் ஷாப்பில் ரோமம் கழலத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். நானும் உறையை அப்படியே ஊறப்போட்டேன். தபால்தலை அழகாகக் கழன்று வந்தது. உறையிலிருந்த எழுத்தும் போய்விட்டது.

அம்மா அடிக்கவில்லை. யாரையோ பிடித்துப் பதில் எழுதவைத்தாள். விலாசம் எழுதும் இடத்தில் அந்தத் தபால்தலையை ஒட்டித் தபால்காரரிடம் நீட்டினாள்.

"இன்னாம்மா இது?"

"இவ்ளோ பெரிய கட்டடம். அங்க போய்க் கேட்டா அவரைக் காட்ட மாட்டாங்களா?"

அவர் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். அதன்பிறகு அப்பாவிடமிருந்து கடிதமே வரவில்லை.

"தண்ணியில ஊறப்போட்டேம்மா, தானா வந்துடுச்சி" என்றாள் மகள்.

"அந்த உறை எங்கடி?" என்றேன்.