லாரி ரசீதில் ஒரு முத்திரை

கதிர்காமத்தில் யூஜினுக்குத் தெரியாத விஷயம் என்று எதுவும் கிடையாது. அப்படி ஒன்று இருந்தால், அது தெரிந்துகொள்ளவே லாயக்கில்லாத விஷயம் என்று அர்த்தம். பள்ளிக்கூட கிளார்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற இந்த எட்டு வருஷத்தில் ரேஷன் கார்டு திருத்தம், பென்ஷன் மனு, பேங்க் பாரம் என்று தெருவின் தாள்கள் எல்லாம் அவருடைய மூக்குக்கண்ணாடிக்குக் கீழேதான் வந்து போயின. பால்யத்தில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் பிரெவே பரீட்சை வரைக்கும் படித்தவர். அதனால் தெருவில் அவருக்கு முசே, பிரெஞ்சில் ஐயா, என்று பெயர். "அப்ப இங்கிலீஷு?" என்று எவனாவது தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால், "பிரெஞ்சு தெரிஞ்சா போதும்ப்பா. இங்கிலீஷ் அதோட சித்தி மவதான்" என்பார். அந்தச் சித்தி மகளிடம் அவருக்கு எவ்வளவு பழக்கம் என்று சோதித்துப் பார்க்க ஊரில் ஆள் இல்லை.

எதிர்வீட்டுத் தாமரைச்செல்வி பதினெட்டு வருஷமாக வேறொருவர் பட்டறையில் தினக்கூலிக்குப் பீங்கான் கோப்பை செய்தவள். போன வருஷம்தான் துணிந்து வேலையை விட்டாள். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டுச் சொந்தமாகச் சூளை வைத்தாள். முதல் ஆர்டர் பெங்களூர் ஓட்டல் ஒன்றிலிருந்து வந்தது, நானூறு கோப்பை. திறப்பு விழாவுக்குள் உடையாமல் போய்ச் சேர்ந்தால் அவர்களுடைய மற்ற மூன்று ஓட்டலுக்கும் இவளே செய்யலாம். சேராவிட்டால் பழைய பட்டறை, பழைய கூலி.

நாற்பது நாள் ராப்பகலாக உழைத்தாள். ஒவ்வொரு கோப்பைக்கும் பேப்பர் சுற்றி, வைக்கோல் வைத்து, இருபது மரப்பெட்டியில் அடுக்கினாள். லாரி ஆபீசுக்குக் கிளம்பும்போது, "அண்ணே, நீங்க கூட வந்தா தைரியமா இருக்கும்" என்று கூப்பிட்டாள். கேட்க வேண்டுமா! "போற எடத்துல வாய வச்சிக்கினு சும்மா இருங்க" என்று மனைவி சூசைமேரி சமையலறையிலிருந்து சொன்னாள். முப்பது வருஷமாகக் கூடவே வாழ்ந்தவள், பாவம், அனுபவம் பேசியது. யூஜின் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு ஆட்டோவில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தார்.

ஆபீசில் இளம்பரிதி என்கிற புக்கிங் கிளார்க் ரசீது போட்டுக்கொண்டே, "உடையற சரக்கும்மா, இன்சூரன்ஸ் எடுத்துடுங்க. நாங்க எடுக்க மாட்டோம், சரக்கு அனுப்பறவங்கதான் எடுக்கணும். மாடியில ஏஜெண்ட் இருக்காரு, தொள்ளாயிரம் ஆவும்" என்றார். சொல்லிவிட்டுப் பெட்டிகளை எண்ண உள்ளே போனார்.

தாமரைச்செல்வி பர்ஸைத் திறந்தாள். அவர் சொன்னது அவளுக்குப் புரிந்துவிட்டது. யூஜினுக்குப் பொறுக்காமல் போனது அதுதான். புரியவைக்கத்தானே அவரை அழைத்து வந்தது?

ரசீதை வாங்கினார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். அடியில் சிவப்பு மையில் ஒரு முத்திரை இருந்தது. 'அட் ஓனர்ஸ் ரிஸ்க்.'

"தாமரை, பர்ஸ மூடு மொதல்ல. இங்க பாரு, ஓனர் ரிஸ்க்! வழியில எது ஆனாலும் லாரி ஓனர் பொறுப்புன்னு சீலே குத்தியிருக்கான். எழுத்துல குடுத்துட்டு, மேல அசுரான்ஸு, இன்சூரன்ஸுன்னு ஒங்கிட்ட வேற புடுங்கப் பாக்கறான்."

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. நம்மூரில் ஓனர் என்றால் லாரி ஓனர், கடை ஓனர், ஹவுஸ் ஓனர். அதாவது எப்போதும் வேறு யாரோ ஒருவர். நாமே ஓனராக இருக்கக்கூடும் என்று எவனுக்குத் தோன்றும்?

"நெசமாவா அண்ணே?"

"எனக்குப் படிக்கத் தெரியாதா?"

அவள் பர்ஸை மூடினாள். திரும்பி வந்த இளம்பரிதி, "எடுக்கலியா சார்?" என்று கேட்டார். "வெவரம் தெரிஞ்சவங்ககிட்ட வச்சிக்காத" என்று யூஜின் சிரித்தார். ஜெயித்த சிரிப்பு!

பெங்களூர் போகிற வழியில், செங்கத்துக்கு அந்தப் பக்கம் லாரி பள்ளத்தில் கவிழ்ந்தது. டிரைவர் சிராய்ப்போடு தப்பித்தார். நானூறில் முப்பத்தொரு கோப்பை மிஞ்சின. திறப்பு விழா நெருங்கிவிட்டது என்று ஓட்டல்காரர்கள் வேறு இடத்தில் வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் தாமரைச்செல்வியை அழைத்துக்கொண்டு யூஜின் லாரி ஆபீசுக்குப் போனார். வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு கம்பெனியைச் சட்டம் பேசி மடக்கப்போகிற குஷி, வருத்தத்தை விட ஒரு பிடி தூக்கலாகவே இருந்தது.

"ஒங்க ஓனரக் கூப்புடுப்பா."

"எதுக்கு சார்?"

"ரிஸ்க் அவருதுதானே? நீங்களே குத்திக் குடுத்துருக்கீங்க."

இளம்பரிதி ரசீதைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார். சிரித்திருந்தால்கூடத் தேவலை. "சார், இதுல ஓனர்னா லாரி ஓனர் இல்ல, சரக்கோட ஓனர். சரக்கு யாருதோ அவங்க பொறுப்புல போவுதுன்னு அர்த்தம். அதுக்குத்தான் இன்சூரன்ஸ் எடுக்கச் சொன்னேன். எங்க கம்பெனி குடுத்தா வாடகைய ஒட்டி ஏதோ கொஞ்சம் குடுக்கும். கோப்பைக்கு வெல குடுக்காது."

யூஜின் தன் பர்ஸை எடுத்தார். "இப்ப அந்தத் தொள்ளாயிரத்தக் கட்டிட்டா? லேட் ஃபீஸு போட்டு..."

"கவுந்த வண்டிக்கு எவன் சார் பாலிசி குடுப்பான்? கெளம்பறதுக்கு முன்னாடி எடுக்கணும்."

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அதையும் அபராதம் கட்டிச் செய்யப் பார்த்தார் நம் முசே.

தாமரைச்செல்வி ரசீதை யூஜின் கையிலிருந்து வாங்கினாள்.

"அப்ப ஓனருன்னு இதுல போட்டிருக்கறது யாரண்ணே?"

அவருக்கு வெட்கத்தில் காது சுட்டது. எங்காவது ஓடிவிடலாம் போல இருந்தது.

"நீதாம்மா."

அவள் அந்தச் சிவப்பு மையை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

"பதினெட்டு வருஷத்துல என்ன ஒருத்தனும் ஓனருன்னு சொன்னதில்ல. மொத மொதலா ஒருத்தன் சீல் குத்திக் குடுத்தான். அதையும் நீங்க தூக்கி வேற எவனுக்கோ குடுத்துட்டீங்களேண்ணே."

திங்கட்கிழமை அவள் பழைய பட்டறைக்கே வேலைக்குப் போனாள்.